மூன்றாவது கிண்ணம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களிடம் சத்தியம் செய்து மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. இது வேறு யாருக்கோ நடந்து நான் கேள்விப்பட்டது அல்ல. என் வாய்க்குள் நடந்தது. இதை எழுத உட்காருவதற்கு முன் உப்புத் தண்ணீரில் மூன்று தடவை கொப்பளித்தேன். அப்படியும் நாக்கின் அடியில் அந்த வழுவழுப்பு இருக்கிறது.

போன வருடம் நவம்பர் 23. பிற்பகல் 2.20 முதல் 3.12 வரை. மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். பட்டப்பகல். ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை.

என் பெயர் யசுமிட்சு. தொகுஷிமா மாவட்டத்து மலைக்குள் இருக்கும் உகெதானி கிராமத்துக் கோவிலில் பூசை செய்கிறவன். பிறந்தது ஒசாகா பக்கம். அங்கே பொய்ப்பல் செய்யும் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். யார் யாருடைய வாயின் அச்சையோ நாள் முழுவதும் கையில் பிடித்துக்கொண்டு சுரண்டும் வேலை. அதிலிருந்து மனிதர்களின் வாய் என்றாலே எனக்குக் குமட்டும். பிறகு தொமோயேயைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் வீட்டில் ஆண் வாரிசு இல்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, அவர்கள் குடும்பப் பெயரையும் கோவிலையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஊருக்கு நான் இன்னும் மாப்பிள்ளைதான்.

அடுத்தவர் குடித்த டம்ளரில் குடிக்க மாட்டேன். பொது வெந்நீர்க் குளத்தில் இறங்க மாட்டேன். கட்டின மனைவி கடித்துவிட்டுக் கொடுத்த இனிப்பைக்கூட அவள் பார்க்காதபோது குப்பையில் போட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சாமியைப் பாருங்கள்.

எங்கள் கோவிலில் இருப்பது ஓகெட்சு ஹிமே. சோறு கொடுக்கிற அம்மன். பசியோடு வந்த புயல் சாமி சுசானோவுக்கு அவள் விருந்து வைத்தாள். சாப்பாடு பிரமாதம். அவன் சாப்பிட்டோமா போனோமா என்று இருக்கவில்லை. இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தான். மூக்கிலிருந்து எடுத்தாள். வாயிலிருந்து எடுத்தாள். பின்பக்கத்திலிருந்தும் எடுத்தாள். எடுத்ததைப் பக்குவமாகச் சமைத்துத் தட்டில் வைத்தாள். அவனுக்கு அருவருப்பு தாங்கவில்லை. இந்த அசிங்கத்தையா எனக்குப் போட்டாய் என்று அவளை அங்கேயே வெட்டிக் கொன்றுவிட்டான்.

வந்த புதிதில் மாமனார் இந்தக் கதையைச் சொன்னபோது, மனசுக்குள் நான் சுசானோவின் பக்கம்தான் நின்றேன். ஒளிப்பானேன்.

உகெதானிக்காரர்கள் அம்மன் பக்கம். அந்த விருந்தாளி செய்த பாவத்துக்கு ஈடாக ஒவ்வொரு அறுவடைக்கும் விருந்தை மறுபடி நடத்துகிறார்கள். பூசாரிதான் விருந்தாளி. மண்டபத்தில் மூங்கில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். திரைக்குப் பின்னால் சமையல் அறை. அங்கிருந்து ஊர்ப் பெண் ஒருத்தி மூன்று கிண்ணங்களை ஒவ்வொன்றாக இடது பக்கம் தள்ளி வைப்பாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. முதல் இரண்டையும் முழுக்கச் சாப்பிட வேண்டும். மூன்றாவதில் பாதியை மூடி எடுத்துப்போய், தன் வீட்டில் யார் நலிந்திருக்கிறார்களோ அவர்களுக்கு ஊட்ட வேண்டும். கடைசியில் "நன்றாக இருந்தது" என்று சத்தமாகச் சொன்னால் வெளியே மேளம் அடிப்பார்கள். அதுவரை யாரும் உள்ளே வரக் கூடாது.

நூறு வருடத்துக்கு முன்னால், மெய்ஜி மன்னர் காலத்தில், சின்னக் கோவில்களையெல்லாம் பெரிய கோவில்களோடு சேர்க்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டது. எங்கள் அம்மனையும் கீழ் ஊர்க் கோவிலுக்கு இறக்கினார்கள். அங்கே இருந்த பூசாரி படையலை முகர்ந்து பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாராம். மூன்றாம் வருடம் உகெதானி ஆட்கள் போய் அம்மனைத் தூக்கி வந்துவிட்டார்கள். அந்தப் பூசாரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். இந்த ஊரில் தீய்ந்த மீனை வைத்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சின்னக் குழந்தை ச்சீ என்றால்கூட வாயைப் பொத்துவார்கள்.

மாமனார் இருந்தவரை அவரே விருந்தாளி. அவர் அந்த வருட வசந்தத்தில் இறந்துவிட்டார். ஆகவே அந்த முறை நான்.

தட்டிக்கழித்திருப்பேன். மியோரிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

மியோரி என் மகள். நான்கு வயது. ஆகஸ்டில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதோடு அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அடம் இல்லை, அழுகை இல்லை. வாயில் வைத்தால் அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வழியும். 13 கிலோ இருந்தவள் 10.8க்கு வந்துவிட்டாள். நகரத்து ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். காரணம் தெரியவில்லை என்றார்கள். டிசம்பர் முதல் தேதி சேர்த்துவிடுங்கள், மூக்கு வழியாகக் குழாய் போடலாம், அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை என்றார் டாக்டர். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

விருந்தன்று காலை வாசலில் தொமோயே என் அங்கியின் முடிச்சை இறுக்கினாள்.

"மூணாவது கிண்ணம். பாதி. மறந்துடாதீங்க."

"சரி."

"மூஞ்சிய அஷ்டகோணலாக்கிட்டு உக்காந்தீங்க, அப்புறம் எனக்குக் கெட்ட கோவம் வரும். நம்ம பொண்ணு உசுரு."

"சரின்னு சொன்னேன்ல."

பரிமாறுவது கினுயே அக்கா என்று ஏற்பாடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோஃபு கடை வைத்திருக்கிறவர். கைமணம் அபாரம், வாய் அதைவிட. காலை 8.20க்குப் போன் செய்தார்.

"என்ன மாப்பிள்ளை, பல்லு வெளக்கியாச்சா?"

"ஆச்சு அக்கா. கையுறை போட்டுக்கிட்டுத்தானே சமைப்பீங்க?"

"கையுறை மட்டுமா, வாயில காகிதமும் கட்டிக்கிட்டுத்தான் சமைப்பேன். என் மூச்சுகூடப் படாது, போதுமா? உங்க மாமனார் ஒரு நாள் இப்படிக் கேட்டதில்ல. ஒசாகாவுல உங்களையெல்லாம் பொட்டலம் கட்டி வளப்பாங்களா?"

அந்தக் குரலைக் கேட்டதில் எனக்கு உண்மையாகவே நிம்மதி. மூன்று நாளாக மழை விடவில்லை. ஆறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

2.20. வெளியே தர்மகர்த்தா இசோகாய் மேளம் அடித்தார். தும்… தும்… தும். கதவைச் சாத்தினார்கள். நான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் விவசாயச் சங்கம் கொடுத்த கடிகாரம். அதைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காலுறை ஈரம். முதுகில் குளிர்.

2.26. பின்னால் சமையல் அறைக் கதவு நகரும் சத்தம். கினுயே அக்கா எப்போதும் பின்வழியாகத்தான் வருவார். இருமுவார், பாத்திரத்தைத் திட்டுவார். அன்று ஒன்றும் இல்லை. சடங்கு என்பதால் அடக்கி வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

2.31. இடது பக்கம் தட்டு நகர்ந்து வந்தது. முதல் கிண்ணம், வெள்ளைச் சோறு. ஆவி பறந்தது. சாப்பிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு நல்ல சோற்றை நான் சாப்பிட்டதே இல்லை. கொஞ்சம் உப்பு மட்டும் தூக்கலாக இருந்தது.

காலி கிண்ணம் பின்னால் போயிற்று.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. சோறு சுடச்சுட வந்தது. ஆனால் அடுப்பு எரியும் சத்தம் இல்லை. புகை இல்லை. மூடி திறக்கவில்லை. கரண்டி பாத்திரத்தில் படவில்லை.

வேறு ஒரு சத்தம் இருந்தது.

க்ளக்…

க்ளக்…

தொண்டையில் எதுவோ மேலே ஏறி வரும் சத்தம். பூனை முடிக்கட்டியைக் கக்குவதற்கு முன் செய்யுமே, அது. ஆனால் பூனையின் தொண்டை இல்லை. பெரியது.

கினுயே அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? கேட்க முடியாது. விருந்தாளி பேசக் கூடாது.

2.44. இரண்டாவது கிண்ணம், சிவப்புப் பயறு. இது சூடாக இல்லை, ஆறியும் இல்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்புச் சூடு. அக்குளில் வைத்து எடுத்தது போன்ற சூடு. பயறின் மேல் பளபளவென்று ஒரு படலம். பாகு என்று நினைத்துக்கொண்டேன். இனிப்பு இல்லை. மூக்கு ஒழுகும்போது உதட்டில் படுமே… அந்த உப்பு.

மியோரியை நினைத்துக்கொண்டேன். மெல்லாமல் விழுங்கினேன். இருபது வாய். எண்ணினேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

பின்னால் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

ஹ்ர்ர்க்… க்ளக்… ஹ்ர்ர்க்…

பிறகு கெட்டியாக எதுவோ கிண்ணத்தில் விழுந்தது. சொத்தென்று.

2.58. தட்டு நகர்ந்தது.

மூன்றாவது கிண்ணத்தில் எப்போதும் அரைத்த மலைக்கிழங்கு ஊற்றிய சோறுதான் இருக்கும். வழவழவென்று நூல் விடும். அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே வாரம் ஒரு நாள் செய்வோம். கிழங்கு என்றே என்னை நானே நம்பவைத்தேன்.

கிழங்குக்குக் குமிழி வருமா? இதில் மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள். எச்சில் குமிழிகள். நடுவில் அரைகுறையாக மென்ற சோறு. புளித்த வாடை. காலையில் பல் துலக்காதவர் முகத்துக்கு நேரே பேசினால் வரும் வாடை.

பாதிதான். பாதி சாப்பிட்டால் போதும்.

ஒரு வாய் வைத்தேன். நாக்கில் அது நகர்ந்தது.

நான் நகர்த்தவில்லை.

3.03. பல்லில் ஏதோ மாட்டியது. விரலால் பிடித்து இழுத்தேன். முடி. நீள முடி. இழுத்தேன்… வந்தது. இன்னும் வந்தது. முழங்கை நீளம் வந்த பிறகும் அதன் மறுமுனை என் தொண்டைக்குள் இருந்தது. அதை அந்தப் பக்கம் யாரோ மெதுவாக இழுத்துப் பிடித்திருப்பதாகத் தோன்றியது.

என்னால் முடியவில்லை. ச்சீ…!

அங்கியின் மார்பில் செருகியிருந்த காகிதத்தை உருவினேன். வாயை மறைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, அதில் துப்பினேன். நான்காக மடித்தேன். அங்கியின் கைக்குள் செருகினேன். பெரிய இடத்து விருந்தில் வாய்க்குள் முள் வந்தால் செய்வோமே, அப்படி. சத்தமே வரவில்லை. யாரும் பார்த்திருக்க முடியாது.

கடிகாரம் 3.04.

பின்னால் சத்தம் நின்றது.

மழையும் நின்றது போல இருந்தது.

மூங்கில் திரை உரசியது.

என் பிடரியில் மூச்சு. ஈர மூச்சு.

"பிடிக்கலையா…?"

சின்னக் குரல். கோபமே இல்லை. ஆசையாகச் சமைத்துப்போட்டவள் கேட்கும் குரல்.

"ந… நல்லா இருந்துச்சு."

இடது பக்கம் ஒரு கை வந்தது. விரல்கள் மட்டும் தெரிந்தன. நகத்தடியில் சோற்றுப் பருக்கை. மணிக்கட்டு வரை பிசுபிசுப்பு. கிண்ணத்தை நிதானமாக எடுத்துக்கொண்டு போயிற்று. எடுத்துப்போக வேண்டிய பாதி அதில்தான் இருந்தது. அதை நிறுத்தத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்தக் கையைத் தொட்டிருக்க மாட்டேன்.

எட்டு நிமிடம் நான் அசையவில்லை. 3.12க்குத்தான் எனக்குக் குரல் வந்தது. "நன்றாக இருந்தது!" என்று கத்தினேன்.

தும்… தும்… தும்.

கதவு திறந்ததும் ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இசோகாய் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"சாப்பிட வேண்டாமா?"

"என்னத்த சாப்பிட? கினுயேதான் வரலையே. பாலத்து மேல தண்ணி போகுதாம். ரெண்டே முக்காலுக்குப் போன் பண்ணுச்சு, அந்தக் கரையில நின்னுகிட்டு. உள்ள வந்து சொல்லவும் கூடாது. சரி, சலிச்சுப்போய் நீங்களே எந்திரிச்சு வருவீங்கன்னு நின்னோம்."

அவரையும் இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். அடுப்பில் போன வருடத்துச் சாம்பல், எலிப்புழுக்கையோடு. அரிசிப் பெட்டியில் பூட்டு. தட்டில் மூன்று கிண்ணங்களும் வரிசையாக இருந்தன. மூன்றுமே நக்கி வைத்தது போல் பளபளத்தன. பலகைத் தரையில் ஈரம்.

இசோகாய் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டார். விரல்களை விரித்தார். நூல் விட்டது.

"துடைச்சிடுவோம் மாப்பிள்ளை" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். நீங்க நல்லபடியா சாப்பிட்டீங்க இல்ல?"

"சாப்பிட்டேன்."

"அது போதும்."

வீட்டுக்கு வந்தபோது 3.40. வாசலிலேயே தொமோயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மியோரி பசிக்குதுன்னு சொன்னா! அவளே வாயத் தொறந்து சொன்னா!"

"என்ன?"

"மூணு மணிக்கு மேல ஒரு நாலு அஞ்சு நிமிஷம் இருக்கும். திடீர்னு தலை தொங்கிடுச்சு. கூப்பிட்டேன், உலுக்கினேன், அசையவே இல்ல. எனக்கு உசுரே போயிடுச்சு. ஆம்புலன்சுக்குப் போன எடுத்தேன்… கண்ணத் தொறந்து, 'அம்மா, பசிக்குது'ங்கிறா! மூணு மாசத்துக்கு மேலாச்சுங்க இத கேட்டு!"

எனக்கும் அழுகை வந்தது. உள்ளே நடந்ததெல்லாம் ஒரு நிமிடம் மறந்தே போனது. அம்மன் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

"எங்க, அந்தப் பாதி?"

நான் உள்ளே வந்து அங்கியைக் கழற்றித் தரையில் போட்டேன். "கொண்டுவரல."

"என்னது?"

"கொண்டுவர முடியல தொமோயே. அப்புறம் சொல்றேன்."

"ஒரே ஒரு வேலை குடுத்தேன்! பெத்த பொண்ணுக்கு ஒரு வாய் சோறு எடுத்துட்டு வரத் துப்பில்லையா உங்களுக்கு?"

அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மெல்லும் சத்தம்.

மியோரி தரையில் உட்கார்ந்திருந்தாள். என் அங்கியின் கைப்பகுதி அவள் மடியில். காகித மடிப்பு திறந்து கிடந்தது. நான் துப்பியது. என் எச்சிலும், அந்த… அதுவும். விரலால் வழித்து வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். உதட்டிலிருந்து ஒரு முடி தொங்கியது. அதையும் உறிஞ்சி உள்ளே இழுத்தாள்.

பாய்ந்து அவள் வாயில் விரலை விட்டுத் தோண்டப் போனேன். தொமோயே என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

"விடுங்க! சாப்பிடறா! கண்ணு தெரியலையா உங்களுக்கு? சாப்பிடறா!"

"தொமோயே, அது…"

"எதுவா இருந்தா என்ன?"

மியோரி விழுங்கினாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் விழுங்கி நான் பார்த்தது அதுதான். காகிதத்தையும் நக்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா… இன்னும் இருக்கா?"

நான் குளியலறைக்கு ஓடினேன். வாந்தி எடுத்தேன். வந்தது மஞ்சள் தண்ணீர் மட்டும். சோறும் இல்லை, பயறும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் என்னை நன்றி கெட்டவன் என்பீர்கள். நவம்பர் 30, மியோரி 11.9 கிலோ. டிசம்பர் 7, 13. டிசம்பர் 14, 14.2. வீட்டுத் தராசில் நானே நிறுத்தினேன். தொமோயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, படுக்கை வேண்டாம், குழாயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கன்னம் உப்பியது. முடி கறுத்தது. நவம்பர் கடைசியிலேயே பாலர் பள்ளிக்கு மறுபடி போக ஆரம்பித்திருந்தாள். கினுயே அக்கா தோஃபுவோடு வந்து அவளைத் தூக்கிக் கொஞ்சினார்.

"அடேயப்பா, என்னா கனம்! பாத்தீங்களா மாப்பிள்ளை, ஒசாகாக்காரனுக்கும் எங்க அம்மன் இரக்கப்படுவா!"

ஆனால் சில விஷயங்கள் உறுத்தின.

வீட்டில் அவள் கிண்ணம் குறைவதே இல்லை. அடியில் கணப்பு வைத்த சாப்பாட்டு மேசையின் போர்வைக்குள் எங்கள் கால்கள் எல்லாம் சூட்டில் வேர்க்கும். அவள் பாதம் மட்டும் பனிக்கட்டியாக இருக்கும். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த தொமோயே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மியோரி கக்கூஸ் போயி மூணு வாரமாச்சு."

"டாக்டர்கிட்ட கேப்போமா?"

"வேணாம்." மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "நல்லாத்தானே இருக்கா. பள்ளிக்கூடத்துல வயிறு முட்ட சாப்பிடறாபோல."

அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

டிசம்பர் 17. மாலை 4.50. பாலர் பள்ளியிலிருந்து போன் வந்தது. செரிசாவா டீச்சர்.

"மியோரி அப்பாங்களா? பயப்படாதீங்க. சின்ன அடிதான். அவளே நடந்துதான் வீட்டுக்கு வந்திருப்பா."

"என்ன ஆச்சு?"

"ஒரு பையன் தள்ளிட்டான். போன மாசம் டோக்கியோவுலருந்து குடிவந்தாங்களே, அந்த வீட்டுப் பையன். சாப்பாட்டு நேரத்துல… மியோரி எல்லாருக்கும் குடுப்பா இல்ல, அதுல வந்த சண்டை."

"என்ன குடுப்பா?"

"நீங்க குடுத்து அனுப்புறதுதாங்க. சோத்துருண்டை. நல்லா சூடா இருக்கும். அவ சாப்பிடுறதே இல்ல, முழுக்க பிள்ளைங்களுக்குத்தான். மூணு வாரமா எங்க பிள்ளைங்க ஒருத்தரும் டப்பாவத் தொறக்கிறதில்ல, தெரியுமா?"

நாங்கள் சோற்றுருண்டை கொடுத்து அனுப்பியதே இல்லை.

"அந்தப் பையன் மட்டும், மியோரி அத எங்கருந்து எடுக்கிறான்னு குனிஞ்சு பாத்திருக்கான். ச்சீ, அசிங்கம்னு அலறிட்டு, படியிலருந்து தள்ளிவிட்டுட்டான். ஊருக்குப் புதுசு பாருங்க, நம்ம வழக்கம் தெரியல."

"அடி எங்க டீச்சர்?"

"காதுக்குப் பின்னாடி. நல்லா கிழிஞ்சிருக்கு. ஆனா…"

"ஆனா?"

"ரத்தம் வரல."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மணல் அப்பியிருக்குன்னு நெனச்சுக் கழுவினேன். மணல் இல்லைங்க. தினை. கழுவக் கழுவ வந்துக்கிட்டே இருந்துச்சு… உள்ளருந்து." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "சிலதுல முளை விட்டிருந்துச்சு."

நான் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் அம்மன் கதை கொலையோடு முடிவதில்லை. விருந்தாளி போன பிறகு, வெட்டுண்டு கிடந்த அவள் உடம்பில் பயிர் முளைத்தது. கண்ணில் நெல். மூக்கில் சிவப்புப் பயறு. காதில் தினை. இந்த ஊரில் எல்லோருக்கும் அது மனப்பாடம். உயிரோடு இருந்தவரை அவள் உடம்பில் எதுவும் முளைக்கவில்லை.

அன்று ராத்திரி மியோரி தூங்கிய பிறகு, தொமோயே அவள் சட்டையை விலக்கி நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். அவள் நிமிர்ந்தபோது, என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை மியோரி எங்கள் இருவருக்கும் முன்னால் ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை.

தொமோயே முதலில் எடுத்தாள். முகம் சுளிக்காமல் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நானும் சாப்பிட்டேன்.

"நல்லா இருக்கா அப்பா?" என்று கேட்டாள் மியோரி.

"நல்லா இருக்குடா கண்ணு" என்றேன்.